அறுவை அரங்கில் நெருக்கடி: ஸ்மார்ட்போன் நினைவுத்துணையைப் பயன்படுத்த முழுமையான வழிகாட்டி

மயக்க மருந்து கொடுக்கும்போது வரும் பெரிய நெருக்கடிகளில் பல அபூர்வமானவை. மயக்க மருந்துக்கு எதிர்வினையாக உடல் சூடு உயிராபத்தாக ஏறும் மேலிக்னன்ட் ஹைபர்தெர்மியாவை ஒருமுறைகூட நேரில் பார்க்காமல் ஓய்வு பெறுகிற மயக்கவியல் மருத்துவர்கள் நிறையப் பேர் உண்டு. ஆனால் அது வந்துவிட்டால் அடுத்த சில நிமிடங்களுக்குள் ஏகப்பட்ட வேலைகள் நடந்தாக வேண்டும், அதுவும் சரியான வரிசையில், சரியான அளவில். தேர்வில் இந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியவருக்கும் அந்த நேரத்தில் பாதி மறந்துபோகும். படிப்பு போதவில்லை என்று இதற்கு அர்த்தமில்லை. பதற்றத்தில் மூளை அப்படித்தான் இயங்கும்: கவனம் ஒரே இடத்தில் போய் நிற்கும், நேரம் போவதே தெரியாது, கொடுக்காத மருந்தைக் கொடுத்துவிட்டதாகத் தோன்றும்.

இதற்காகவே உருவானவை நினைவுத்துணைகள். என்ன செய்ய வேண்டும், எவ்வளவு கொடுக்க வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்று வரி வரியாகச் சொல்லும் பட்டியல்கள் இவை. ஸ்டான்ஃபோர்ட் மயக்கவியல் குழுவின் எமர்ஜென்சி மேனுவல், பாஸ்டனைச் சேர்ந்த அரியாட்னி லேப்ஸின் 12 நெருக்கடிச் செக்லிஸ்ட்கள், பிரிட்டனின் மயக்கவியலாளர் சங்கம் 2018-ல் வெளியிட்ட குவிக் ரெஃபரன்ஸ் ஹேண்ட்புக் ஆகிய மூன்றும் இலவசமாகவே கிடைக்கின்றன. குழந்தைகளுக்கென்று பீடி கிரைசிஸ் ஆப் இருக்கிறது. உடலின் ஒரு பகுதியை மட்டும் மரத்துப்போகச் செய்யும் மரப்பு மருந்தின் நச்சுத்தன்மைக்கு மட்டும் அமெரிக்க ரீஜனல் அனஸ்தீசியா சங்கத்தின் ஆப் தனியாக இருக்கிறது.

இவற்றால் பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு 2013-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஆய்வைச் சொல்லலாம். 17 அரங்கக் குழுக்களை 106 சிமுலேஷன் (ஒத்திகை) நெருக்கடிகளில் நிறுத்திப் பார்த்தார்கள். கையில் செக்லிஸ்ட் இல்லாதபோது, உயிர் காக்கும் படிகளில் 23 சதவீதம் விட்டுப்போயின. செக்லிஸ்ட் இருந்தபோது 6 சதவீதம்தான். அதே மனிதர்கள், அதே படிப்பு.

அந்த ஆய்வில் இருந்தவை ஸ்மார்ட்போன் ஆப்கள் அல்ல. ஃபோனுக்கென்று தனி வசதிகளும் தனி ஆபத்துகளும் உண்டு. அரங்கில் இருக்கும் எல்லோருடைய பையிலும் ஃபோன் இருக்கிறது என்பதால் ஆப்பை இறக்கி வைத்தாலே வேலை முடிந்தது என்ற எண்ணம் சுலபமாக வந்துவிடுகிறது. நான் இங்கே வலியுறுத்தப் போவது இதைத்தான்: சிகிச்சையை வழிநடத்துபவர் கையில் அந்த ஃபோன் இருக்கக் கூடாது. அதை வேறொருவர் வைத்துக்கொண்டு சத்தமாக வாசிக்க வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் அந்த ஒரு காட்சி சரியாக நடப்பதற்கான ஏற்பாடுகள்தான்.

முதலில் ஒரு விஷயம். இதில் வரும் மருந்து அளவுகள் பரவலாக ஏற்கப்பட்ட வழிகாட்டுதல்களில் உள்ளவை; ஆப் எப்படி வேலை செய்கிறது என்று காட்டவே தருகிறேன். உங்கள் துறை ஏற்றுக்கொண்ட வழிகாட்டுதலே உங்களுக்கு இறுதி.

படி 1: எதை மனப்பாடமாக வைப்பது, எதை ஃபோனிடம் விடுவது

எல்லா நெருக்கடிக்கும் ஃபோனை எடுக்க முடியாது. முதல் ஒரு நிமிட வேலைகள் கையிலேயே இருக்க வேண்டும்: உதவிக்குக் கூப்பிடுவது, 100 சதவீத ஆக்சிஜன், அறுவை செய்பவரை நிறுத்தச் சொல்வது, நோயாளியைத் தொட்டுப் பார்ப்பது, சர்க்யூட் (சுவாசக் குழாய்கள்) கழன்றிருக்கிறதா என்று பார்ப்பது. இதயம் நின்றிருந்தால் நெஞ்சை அழுத்தத் தொடங்குவது. இவற்றுக்கு நடுவே யாரும் திரையைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

மூச்சுக்குழலுக்குள் டியூபும் போட முடியவில்லை, எந்த வழியிலும் ஆக்சிஜனும் கொடுக்க முடியவில்லை என்ற நிலை இந்த வகையில் மிகக் கடுமையானது. கழுத்தின் முன்பக்கம் கீறி, பூஜியை (வளையும் மெல்லிய வழிகாட்டிக் குச்சி) நுழைத்து, அதன் மேல் 6.0 அளவு டியூபை இறக்கும் அந்த வேலையை விரல்கள் முன்பே பழகியிருக்க வேண்டும். அங்கே ஆப்பின் பங்கு வேறு. ஓரமாக நிற்கும் ஒருவர் நேரத்தைச் சொல்லலாம், 'மூன்று முயற்சி முடிந்தது, அடுத்த திட்டத்துக்குப் போகலாமா?' என்று கேட்கலாம். அதுவே பெரிய உதவி.

மற்றதெல்லாம், அதாவது இரண்டாவது நிமிடத்திலிருந்து வரும் நீண்ட பட்டியல், ஃபோனின் வேலை. எடைக்கேற்ற அளவு, எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை, எந்த மருந்தைத் தவிர்ப்பது, எந்த ரத்தப் பரிசோதனையை எப்போது எடுப்பது. அனஃபிலாக்சிஸ் என்ற கடும் ஒவ்வாமை வந்தால் அட்ரினலின் எல்லோருக்கும் நினைவு வரும். ஒவ்வாமையை உறுதிசெய்ய உதவும் டிரிப்டேஸ் ரத்த மாதிரியை உடனே ஒன்று, 1 முதல் 2 மணி நேரத்துக்குள் ஒன்று, 24 மணி நேரத்துக்குப் பிறகு ஒன்று எடுக்க வேண்டும் என்பது யாருக்கு நினைவு வரும்? மேல் ரத்த அழுத்தம் (சிஸ்டாலிக்) 50-க்குக் கீழே போனால் பெரியவர்களுக்கு நாடி இருந்தாலும் நெஞ்சை அழுத்தத் தொடங்கலாம் என்ற வரியும் அப்படித்தான்.

படி 2: ஆப்பைத் தேர்ந்தெடுப்பது

ஆப் ஸ்டோரில் தேடினால் வரிசையாக வந்து நிற்கும். நட்சத்திர மதிப்பீட்டைப் பார்த்து எடுக்காதீர்கள். முதலில் பார்க்க வேண்டியது யார் வெளியிட்டார்கள், எந்த ஆண்டு வழிகாட்டுதலின்படி எழுதப்பட்டது, கடைசியாக எப்போது திருத்தினார்கள் என்பது. இந்த மூன்றும் ஆப்புக்குள்ளேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

இரண்டாவது விஷயத்தைப் பலர் யோசிப்பதே இல்லை. நெருக்கடி நோயின் பெயரோடு வருவதில்லை. 'சாச்சுரேஷன் இறங்குது', 'பிரஷர் கிடைக்கல', 'ஏர்வே பிரஷர் ஏறுது' என்றுதான் வரும். அனஃபிலாக்சிஸ், நியூமோதோராக்ஸ், எம்பாலிசம் என்று நோய்ப் பெயர்களை மட்டும் வைத்திருக்கும் ஆப், பெயர் தெரியாத அந்த நேரத்தில் உங்களைக் கைவிட்டுவிடும். பிரிட்டனின் ஹேண்ட்புக் இதை நன்றாகச் செய்திருக்கிறது. காரணம் தெரியாத நிலைகளுக்கு ஒரு பகுதி, காரணம் தெரிந்த நிலைகளுக்கு இன்னொரு பகுதி என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். ஆக்சிஜன் குறைவு, ரத்த அழுத்தக் குறைவு, இதயத்துடிப்புக் குறைவு என்று அறிகுறியிலிருந்தே உள்ளே போகலாம். உங்கள் ஆப்பிலும் அந்தக் கதவு இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து, ஒரு சின்னச் சோதனை. ஃபோனை ஏர்பிளேன் மோடில் போட்டு ஆப்பைத் திறங்கள். அறுவை அரங்கங்களில் சிக்னல் கிடைக்காத மூலைகள் சகஜம். படங்கள் வரவில்லை, லாகின் கேட்கிறது, வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்றால் அந்த ஆப் அரங்குக்கு ஆகாது. சரி, திறந்துவிட்டது என்றால் முகப்புத் திரையிலிருந்து 'அனஃபிலாக்சிஸ், அட்ரினலின் அளவு' என்ற இடத்துக்குப் போக எத்தனை தடவை தொட வேண்டியிருக்கிறது என்று எண்ணுங்கள். மூன்றுக்கு மேல் போனால் யோசிக்க வேண்டும்.

எடையைப் போட்டால் அளவைக் கணக்கிட்டுத் தரும் வசதி குழந்தைகளுக்கு மிகவும் பயன்படும். ஆனால் தவறு நுழைகிற வாசலும் அதுதான். எடை கிலோவிலா பவுண்டிலா? முந்தைய நோயாளியின் எடை அப்படியே நிற்கிறதா? விடை மைக்ரோகிராமிலா மில்லிலிட்டரிலா? மில்லிலிட்டர் என்றால் எந்த அடர்த்திக்கு? அட்ரினலின் ஒன்றுக்கு ஆயிரம் என்ற ஆம்பியூலில் 1 மி.லி.க்கு 1 மி.கி. இருக்கும். ஒன்றுக்குப் பத்தாயிரத்தில் அதில் பத்தில் ஒரு பங்குதான். அடர்த்தியைச் சொல்லாமல் வெறும் மில்லிலிட்டரை மட்டும் காட்டும் ஆப்பைத் தொடவே தொடாதீர்கள்.

கடைசியாக, துறைக்கு ஒரே ஒரு ஆப். ஆளுக்கொன்று வைத்திருந்தால் அந்த நேரத்தில் இரண்டு ஃபோன் இரண்டு விதமாகச் சொல்லும். எது சரி என்று விவாதிக்க அங்கே நேரம் இருக்காது. எல்லோரும் உட்கார்ந்து பேசி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மருத்துவர், செவிலியர், டெக்னீஷியன் எல்லோருடைய ஃபோனிலும் அதையே வையுங்கள். கணக்கிட்டு அளவு சொல்லும் ஆப்களைச் சில நாடுகள் மருத்துவச் சாதனமாகவே கருதுகின்றன. எனவே நிர்வாகத்தின் ஒப்புதலை எழுத்தில் வாங்கி வைப்பது நல்லது.

படி 3: ஃபோனைத் தயார் செய்வது

முடிந்தால் அரங்குக்கென்று தனியாக ஒரு டேப்லெட் வாங்கி, மயக்க மருந்து இயந்திரத்திலேயே சார்ஜரோடு பொருத்திவிடுங்கள். திரை பெரியது, எப்போதும் அதே இடத்தில் இருக்கும், யாருடைய சொந்த மெசேஜும் அதில் வராது. தனிநபர் ஃபோன்தான் வழி என்றால் இவற்றை முன்கூட்டியே செய்து வையுங்கள்:

- ஆப் முகப்புத் திரையின் முதல் வரிசையில், எல்லோருடைய ஃபோனிலும் அதே இடத்தில் இருக்கட்டும்.
- திரை தானாக அணையும் நேரத்தைப் பணி நேரத்தில் கூட்டி வையுங்கள். வாசித்துக்கொண்டிருக்கும்போது திரை அணைந்து, கையுறையோடு கைரேகை வைக்க முயல்வது வீண் தொல்லை.
- ஐஃபோனில் கைடட் அக்சஸ், ஆண்ட்ராய்டில் ஸ்கிரீன் பின்னிங் என்று ஒரு வசதி உண்டு. அதை இயக்கினால் கை தவறிப் பட்டாலும் ஆப்பை விட்டு வெளியே போகாது.
- அழைப்பும் அறிவிப்பும் குறுக்கே வராமல் டூ நாட் டிஸ்டர்பைப் போடுங்கள். உதவிக்கு அழைப்பது வேறொரு ஃபோனிலிருந்து அல்லது அரங்கின் இன்டர்காமிலிருந்து நடக்கட்டும்.
- எழுத்தளவைப் பெரிதாக்குங்கள். ஒரு கை தூரத்தில் வைத்து வாசிக்க முடிய வேண்டும்.

உலர்ந்த மெல்லிய கையுறையோடு பெரும்பாலான திரைகள் வேலை செய்யும். ரத்தமோ சலைனோ பட்ட கையுறையோடு செய்யாது. இதனாலும்தான் ஊசி போடும் கைக்கும் ஃபோன் பிடிக்கும் கைக்கும் சம்பந்தம் இருக்கக் கூடாது என்கிறேன். திரையையும் உறையையும் 70 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால் துடைப்பானால் பணிக்கு முன்னும் பின்னும் துடைப்பது கட்டாயம்.

படி 4: உங்கள் அரங்கின் விவரங்களைச் சேர்ப்பது

'டான்ட்ரோலீன் கொண்டு வரச் சொல்லவும்' என்று ஆப் சொல்லும். மேலிக்னன்ட் ஹைபர்தெர்மியாவுக்கான அந்த மருந்து எந்த மாடியில், எந்த அலமாரியில் இருக்கிறது என்று ஆப்புக்குத் தெரியாது. இரவு 2 மணிக்குச் சாவி யாரிடம்? மரப்பு மருந்து நச்சுக்குக் கொடுக்கும் லிப்பிட் எமல்ஷன் (கொழுப்புக் கரைசல்), நரம்பை மரக்கவைக்கும் பிளாக் அறையில் இருக்கிறதா, ஐ.சி.யூ.விலா? ரத்த வங்கியின் நேரடி எண் என்ன? இந்தக் கேள்விகளின் விடைகளை ஒரே பக்கமாக எழுதி, ஆப்பில் குறிப்பு சேர்க்கும் வசதி இருந்தால் அதில் சேருங்கள். இல்லையென்றால் படமாக எடுத்து ஆப்புக்குப் பக்கத்திலேயே திறக்கிற மாதிரி வையுங்கள்.

டான்ட்ரோலீன் விஷயத்தில் கணக்கையும் முன்கூட்டியே போட்டு எழுதிவிடுவது நல்லது. ஆரம்ப அளவு கிலோவுக்கு 2.5 மி.கி. என்று வைத்துக்கொண்டால் 70 கிலோ நோயாளிக்கு 175 மி.கி. பழைய வகைக் குப்பி ஒன்றில் 20 மி.கி.தான் இருக்கும், ஆக 9 குப்பிகள். ஒவ்வொன்றையும் 60 மி.லி. ஸ்டெரைல் வாட்டரில் கரைக்க வேண்டும், அதுவும் சுலபத்தில் கரையாது. முதல் டோஸுக்கே அரை லிட்டருக்கு மேல் தண்ணீரும், கரைப்பதற்கென்று இரண்டு மூன்று பேரும் தேவை. எனவே அந்தப் பக்கத்தில் 'டான்ட்ரோலீன்: 3-வது மாடி' என்று மட்டும் எழுதினால் போதாது. 'கரைக்க மூன்று பேரைக் கூப்பிடு, ஸ்டெரைல் வாட்டர் பாட்டில்களைக் கையோடு எடுத்து வா' என்றும் இருக்கட்டும்.

படி 5: வாசிப்பவரை நியமிப்பது

2012-ல் வந்த ஒரு சிமுலேஷன் ஆய்வு இதை நேரடியாகவே சோதித்தது. பயிற்சி மருத்துவர்களுக்கு மேலிக்னன்ட் ஹைபர்தெர்மியா, பிரசவத்தின்போது இதயம் நிற்பது ஆகிய இரண்டு நிலைகளைக் கொடுத்தார்கள். நினைவுத்துணையை வாசித்துச் சொல்ல ஒருவர் அமர்த்தப்பட்ட பிறகு, அதுவரை விட்டுப்போன முக்கியப் படிகள் நடக்கத் தொடங்கின. பட்டியல் பக்கத்தில் கிடப்பது வேறு, ஒருவர் அதைக் காதில் விழும்படி சொல்வது வேறு.

வழிநடத்துபவரே ஃபோனைப் பார்த்தால் என்ன ஆகும்? தலை குனியும். மானிட்டர் கண்ணிலிருந்து மறையும். மற்றவர்கள் அவர் சொல்லுக்குக் காத்து நிற்பார்கள். அவர் மனதுக்குள்ளேயே வாசித்துக்கொள்வதால் எந்த வரி முடிந்தது, எது விட்டுப்போனது என்று அறையில் ஒருவருக்கும் தெரியாது.

வாசிப்பவர் மருத்துவராக இருக்க வேண்டியதில்லை. சுற்றுப்பணி செவிலியர், டெக்னீஷியன், ஹவுஸ் சர்ஜன், மருத்துவ மாணவர் என யாராகவும் இருக்கலாம். மருந்துப் பெயர்களைத் தடங்கலில்லாமல் வாசிக்கத் தெரிந்தால் போதும். அவருக்கான விதிகள் இவை. வேறு எந்த வேலையையும் கையில் எடுக்கக் கூடாது, யாராவது 'அந்த ஃப்ளூயிடைத் தூக்கிப் பிடி' என்றாலும்கூட. தலைவரின் முகமும் மானிட்டரும் தெரியும் இடத்தில் நிற்க வேண்டும். ஒரு வரியைத்தான் வாசிக்க வேண்டும், பதில் வரும்வரை அடுத்ததுக்குப் போகக் கூடாது. 'ஆச்சு', 'ஆகலை', 'இவருக்கு வேண்டாம்' என்ற மூன்றில் ஒன்று பதிலாக வர வேண்டும். 'ம்' என்பதைப் பதிலாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

எண்களில் தனிக் கவனம் வேண்டும். மாஸ்க்குக்குள்ளிருந்து வரும் 'எழுபது' 'எண்பது' என்று கேட்கும். எனவே 'ஏழு, பூஜ்யம், எழுபது' என்று பிரித்துச் சொல்லிப் பழகுங்கள். தசமப் புள்ளியை விழுங்கிவிடாமல் 'பூஜ்யம் புள்ளி ஐந்து, அரை மில்லி' என்று இரண்டு விதமாகவும் சொல்ல வேண்டும். மருந்தை ஏற்றுபவர் அதைத் திருப்பிச் சொன்ன பிறகே செலுத்த வேண்டும்.

2005-ல் இங்கிலாந்தில் நடந்த ஒரு மரணத்தை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. சாதாரண சைனஸ் அறுவைக்கு வந்த இளம் தாய் ஒருவருக்கு மயக்கம் கொடுத்ததும் காற்றுப்பாதை அடைத்துக்கொண்டது. அனுபவமுள்ள மருத்துவர்கள் கூடி, டியூப் போட மறுபடி மறுபடி முயன்றுகொண்டே இருந்தார்கள். ஒரு செவிலியர் டிரக்கியாஸ்டமி செட்டைக் கொண்டுவந்து வைத்திருந்தார். என்ன செய்ய வேண்டும் என்று அறையில் சிலருக்குத் தெரிந்திருந்தது. அதை எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. அவருடைய கணவர், விமானியான மார்ட்டின் ப்ரோமிலி, பிறகு கிளினிக்கல் ஹியூமன் ஃபேக்டர்ஸ் குரூப் என்ற அமைப்பைத் தொடங்கி இதைப் பற்றி உலகமெங்கும் பேசினார். வாசிப்பவர் என்ற பதவி ஒரு இளையவருக்குக் கொடுப்பது அந்தப் பேசும் உரிமையைத்தான். 'சார், நீங்க தப்பு பண்றீங்க' என்று சொல்லத் தயங்குகிறவரும், 'அடுத்த வரி: கழுத்து வழியாகக் காற்றுப்பாதை. ஆச்சா, ஆகலையா?' என்று தயங்காமல் கேட்டுவிடுவார்.

இரவுப் பணியில் நீங்களும் ஒரு சிஸ்டரும் மட்டும் இருந்தால்? கூடுதல் ஆள் வரும்வரை ஃபோனை இயந்திரத்தின் மேல் நிமிர்த்தி வைத்து, முதல் நிமிட வேலைகள் முடிந்ததும் ஒருமுறை நின்று, திரையைச் சத்தமாக வாசியுங்கள். உதவிக்கு வருகிற முதல் ஆளின் கையில் ஊசிக்கு முன்னால் ஃபோனைக் கொடுங்கள்.

படி 6: எப்போது திறப்பது

நோய் இன்னதென்று தெரிந்த பிறகு திறக்கலாம் என்று காத்திருப்பதில்தான் நேரம் போய்விடுகிறது. எனவே ஒரு வரம்பை முன்பே பேசி வையுங்கள். 'உதவி' என்ற வார்த்தை யார் வாயிலிருந்து வந்தாலும் ஆப் திறக்கப்படும். இரண்டாவது வாசோபிரஸர் (ரத்த அழுத்தத்தை ஏற்றும் மருந்து) டோஸுக்குப் பிறகும் அழுத்தம் ஏறவில்லை என்றால் திறக்கப்படும். அறுவைக்கு முன் உலகச் சுகாதார நிறுவனத்தின் பாதுகாப்புச் செக்லிஸ்டை எப்படியும் சொல்கிறோம். அப்போதே 'நெருக்கடி வந்தால் இன்று வாசிப்பவர் இவர்' என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். ஐந்து விநாடி வேலை.

அறுவை மருத்துவருக்கு முன்னால் ஃபோனைப் பார்த்தால் ஒன்றும் தெரியாதவர் என்று நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சம் இளையவர்களிடம் பலமாக இருக்கிறது. இதை மூத்தவர்கள்தான் உடைக்க வேண்டும். துறைத்தலைவர் ஒருமுறை எல்லோர் முன்னாலும் 'செக்லிஸ்டை வாசிங்க, நான் எதையாவது விட்டுடப் போறேன்' என்று சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு யாரும் கூச்சப்பட மாட்டார்கள்.

நடக்கும்போது எப்படி இருக்கும்

60 கிலோ நோயாளி, கை அறுவைக்காக பூபிவகெய்ன் என்ற மரப்பு மருந்தில் பிரேக்கியல் பிளெக்சஸ் பிளாக், அதாவது கை நரம்புகளை மரக்கவைக்கும் ஊசி. மருந்து போய்ச் சில நிமிடங்களில் 'வாயில் ஒரு மாதிரி இரும்பு ருசி' என்கிறார், காதில் இரைச்சல் என்கிறார், அடுத்து வலிப்பு. மானிட்டரில் துடிப்பு குறைந்து, இ.சி.ஜி.யின் கியூ.ஆர்.எஸ். அலை அகலமாகிக்கொண்டு போகிறது. உதவிக்குக் குரல் கொடுத்தாயிற்று, ஆக்சிஜன் ஓடுகிறது. டெக்னீஷியன் ஃபோனை எடுக்கிறார்.

'மரப்பு மருந்து நச்சுப் பக்கம் திறந்திருக்கேன் மேடம். முதல் வரி: மரப்பு மருந்தை நிறுத்தவும்.'

'ஆச்சு.'

'லிப்பிட் 20 சதவீதம் கொண்டு வரவும்.'

'ஆகலை. சிஸ்டர், பிளாக் அறை அலமாரி, ரெண்டு பாட்டிலும் எடுத்து வாங்க.'

'வலிப்புக்கு பென்சோடயசபின். புரோபோபால் அதிகம் வேண்டாம்.'

'மிடசோலம் போகுது.'

'எடை அறுபது. ஆறு, பூஜ்யம். சரியா?'

'சரி.'

'லிப்பிட் போலஸ் 90 மில்லி, ரெண்டு மூணு நிமிஷத்துல. ஒன்பது, பூஜ்யம். அப்புறம் இன்ஃபியூஷன் நிமிஷத்துக்கு 15 மில்லி, பம்பில் மணிக்கு 900. மொத்தம் 720 மில்லியைத் தாண்டக் கூடாது.'

'90 மில்லி போலஸ், ரெண்டு 50 மில்லி சிரிஞ்ச்ல ஏத்துறேன்.'

'தவிர்க்க வேண்டியவை: வாசோபிரசின், பீட்டா பிளாக்கர், கால்சியம் சேனல் பிளாக்கர். அட்ரினலின் கொடுத்தால் கிலோவுக்கு 1 மைக்ரோகிராமுக்கு மேல் வேண்டாம். 60 மைக்ரோகிராமுக்குள்ள.'

இந்தக் கடைசி வரியைக் கவனியுங்கள். இதயம் தடுமாறும்போது வழக்கமான 1 மி.கி. அட்ரினலினை நோக்கித்தான் எல்லோர் கையும் போகும், ஏனென்றால் மற்ற பெரும்பாலான இதய நிறுத்தங்களுக்கும் அதுதான் பழக்கம். இந்த நிலையில் அது வேறு. பழக்கம் தவறான பக்கம் இழுக்கும் இடத்தில்தான் நினைவுத்துணைக்கு உண்மையான மதிப்பு. இரண்டு பாட்டில் கொண்டுவரச் சொன்னதும் காரணத்தோடுதான்: 500 மி.லி. பாட்டில் ஒன்றே இருந்தால், இன்ஃபியூஷன் ஓடிக்கொண்டிருக்கும்போதே தீர்ந்துபோகும்.

எல்லாம் அடங்கிய பிறகும் ஆப்பில் ஒரு வரி மீதி இருக்கும்: இதயம் பாதிக்கப்பட்டிருந்தால் குறைந்தது 4 முதல் 6 மணி நேரம் கண்காணிப்பு. நிம்மதி வந்துவிட்ட அறையில் இதுவும் விட்டுப்போகும். வாசிப்பவர் கடைசி வரி வரைக்கும் வாசிக்க வேண்டும்.

படி 7: தவறான பக்கத்தில் நிற்கிறோமா என்று கேட்பது

ஆப் நோயைக் கண்டுபிடிக்காது. நீங்கள் திறந்த பக்கத்தைத்தான் வாசிக்கும். மூச்சுக்குழல் சுருக்கம் என்று நினைத்து அந்தப் பக்கத்தை வரி தவறாமல் செய்து முடிக்கலாம், உண்மையில் டியூப் வலது பிராங்கஸில் (வலது நுரையீரலுக்குப் போகும் கிளைக்குழாயில்) போய் நின்றிருக்கலாம். பட்டியலில் டிக் விழுந்துகொண்டே போவது ஒரு பொய்யான நிம்மதியைத் தரும். இதற்கு ஆப்பின் டைமரையே பயன்படுத்தலாம். சில நிமிடங்களுக்கு ஒருமுறை வாசிப்பவர் நிறுத்தி, 'நோயாளி தேறுகிறாரா? இல்லையென்றால் வேறு என்னவாக இருக்கலாம்?' என்று கேட்க வேண்டும். அப்போது தலைவர் ஒரு அடி பின்னால் நகர்ந்து, இதுவரை நடந்ததை இரண்டே வாக்கியத்தில் எல்லோருக்கும் சொல்ல வேண்டும். புதிதாக வந்தவர் ஒருவர் அதைக் கேட்டுவிட்டு, யாரும் யோசிக்காத ஒன்றைச் சொல்வது அடிக்கடி நடக்கிறது.

பிளாக்கிலோ ஸ்பைனலிலோ (முதுகில் போடும் மரப்பு ஊசி) நோயாளி விழித்திருந்தால் அவரும் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பதை மறக்க வேண்டாம். ஒருவர் அவர் தலைமாட்டில் நின்று பேச்சுக் கொடுக்கட்டும்.

படி 8: பழகுவது

நெருக்கடியில் முதல்முறையாகத் திறக்கப்படும் ஆப் உதவாது, தொந்தரவுதான். பெரிய சிமுலேஷன் ஆய்வகம் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். அன்றைய அறுவைப் பட்டியலில் ஒரு நோயாளிக்கும் அடுத்தவருக்கும் நடுவே கிடைக்கும் பத்து நிமிடம் போதும். காலி மேஜை, ஒரு ஃபோன், மூன்று பேர். 'நோயாளிக்கு ஸ்பைனல் கொடுத்த ஐந்தாவது நிமிடம், துடிப்பு 35, மூச்சு விட முடியவில்லை என்கிறார்' என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் வாசிக்க, மூன்றாமவர் நடத்த வேண்டும். பிறகு பாத்திரங்களை மாற்றிக்கொள்ளுங்கள். டெக்னீஷியன் தலைவராகவும், பேராசிரியர் வாசிப்பவராகவும் ஒருமுறை நின்று பார்க்கட்டும். எந்த வரி வாயில் தடுக்குகிறது, எந்த எழுத்து சிறிதாக இருக்கிறது என்று அப்போதுதான் தெரியும்.

ஒத்திகையில் மருந்தை நிஜமாகவே எடுத்து வரச் சொல்லுங்கள். லிப்பிட் அலமாரி பூட்டியிருப்பது, டான்ட்ரோலீன் காலாவதியாகியிருப்பது எல்லாம் அப்போதே வெளியே வரட்டும். புதிதாகச் சேருபவர்களுக்கு முதல் நாளில் ஆப்பை இறக்கிக் கொடுத்து ஒரு ஒத்திகையையும் நடத்திவிட வேண்டும்.

சாதாரண நாளில் ஆப்பைத் திறப்பதும் பழக்கம்தான். குறைப்பிரசவக் குழந்தைக்கு மயக்கம் கொடுக்கப் போகிறோம் என்றால், முன்கூட்டியே எடையைப் போட்டு, அட்ரினலின், அட்ரோபின், சக்ஸமெத்தோனியம் அளவுகளை ஒரு தாளில் எழுதி இயந்திரத்தில் ஒட்டிவிடுங்கள்.

படி 9: முடிந்த பிறகு

ஆப்பில் நேரப்பதிவு வசதி இருந்தால், எந்த மருந்து எப்போது போனது என்ற பட்டியல் கையில் இருக்கும். பதற்றத்துக்குப் பிறகு நினைவிலிருந்து எழுதுவதைவிட இது எவ்வளவோ மேல். அதை நோயாளியின் பதிவேட்டுக்கு மாற்றிய பிறகு தனிநபர் ஃபோனிலிருந்து அழித்துவிட வேண்டும். பெயர், எண், புகைப்படம் எதுவும் அதில் தங்கக் கூடாது. மெசேஜ் குழுக்களுக்கு அனுப்புவதும் கூடாது.

அன்றே, எல்லோரும் கலைவதற்கு முன், சில நிமிடம் உட்காருங்கள். ஆப் எப்போது திறக்கப்பட்டது, யார் வாசித்தார், எந்த வரி குழப்பியது. கேள்விகள் இவ்வளவுதான். யார் மீது தவறு என்று தேடும் கூட்டமாக அது மாறினால், அடுத்த முறை யாரும் ஃபோனை எடுக்க மாட்டார்கள். வாசித்தவர் இளையவராக இருந்தால், அவர் வாசித்ததால் எது நடந்தது என்று பெயர் சொல்லிப் பாராட்டுங்கள். உயிருக்குப் போராடும் ஒருவருக்கு முன்னால் நின்று குரல் நடுங்காமல் வாசிப்பது எளிதில்லை. அவர் வீட்டுக்குப் போனதும் ஒருமுறை அழைத்துப் பேசுங்கள்.

காகிதம்

ஃபோனில் சார்ஜ் தீரும், அது கீழே விழும், அப்டேட் ஆகிக்கொண்டிருக்கும். எனவே ஒவ்வொரு அரங்கிலும் அதே பட்டியலின் லேமினேட் செய்த பிரதி ஒன்று இயந்திரத்தில் தொங்க வேண்டும். ஆப் எந்த வழிகாட்டுதலிலிருந்து வந்ததோ அதன் அச்சுப் பதிப்பாகவே அது இருக்கட்டும். இரண்டும் வெவ்வேறு அளவைச் சொன்னால் ஆபத்து. பின்பக்கத்தில் பதிப்பு ஆண்டையும், திருத்தம் வந்தால் ஆப்பையும் தாளையும் ஒரே நாளில் மாற்றும் பொறுப்பில் இருப்பவரின் பெயரையும் எழுதி வையுங்கள். அவர் விடுப்பில் போனால் அந்தப் பொறுப்பு யாருக்கு என்பதையும்.